தபால்கார நரி பற்றி உசாமியின் கருத்து

அட்டை அசையவில்லை.

உசாமி கென்சாகு முதலில் நகத்தால் சுரண்டினான். பிறகு இரும்பு அளவுகோலை அடியில் விட்டு நெம்பினான். கடைசியில், பழைய கேசட்டுகளில் ஒட்டிக்கிடக்கும் விலைச்சீட்டுகளை உரிப்பதற்காகக் கடையில் வைத்திருந்த ஹேர் டிரையரை எடுத்தான். சூட்டைக் கூட்டி, கண்ணாடி அலமாரியில் ஒட்டியிருந்த அந்த உள்ளங்கை அகல அட்டையின் மேல் பிடித்தான்.

அட்டை அப்படியே இருந்தது. கண்ணாடிதான் 'டிக்' என்றது. அட்டைக்குச் சரியாகக் கீழே, அடிக்கோடு போட்டது போல ஒரு விரிசல் ஓடி நின்றது.

கடை திறக்க இருபது நிமிடம் இருந்தது. பாதி தூக்கிய ஷட்டருக்கு அடியில் குனிந்து முதலாளி கமேதா உள்ளே வந்தார்.

"என்னடா பண்ற?"

"அட்டைய எடுக்கிறேன், முதலாளி."

"எந்த அட்டைய?"

"நரி அட்டைய."

கமேதாவின் கையிலிருந்து சாவிக்கொத்து விழுந்தது. "உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கா? அதைப் பார்க்க நேத்து ஒரு நாள்ல அறுபது பேர் வந்தாங்க. ஒருத்தன் ஹொக்காய்டோவிலேருந்து வந்தான். அட்டை பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்கிட்டு, அழுதுட்டுப் போனான்."

"அதான் எடுக்கணும்."

ஒசாகாவில், நிப்பொன்பாஷித் தெருவில், பழைய டி.வி. கேம் விற்கும் கடைகள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொரு கேசட்டுக்கும் கீழே, விற்பவன் தன் கருத்தைக் கையால் எழுதி ஒட்டுவது அங்கே வழக்கம். மற்ற கடைகளில் 'அருமை!', 'கண்ணீர் வரும்!' என்று எழுதியிருக்கும். உசாமி நினைத்ததை எழுதினான். கீழே கையெழுத்தும் போட்டான்.

ஒரு விண்வெளிச் சண்டைக்கு: 'முதல் பத்து நிமிடம் பூமியை நீங்கள் காப்பாற்றுவீர்கள். அதன் பிறகு உங்கள் கட்டைவிரலை யாராவது காப்பாற்ற வேண்டும்.'

ஒரு பேஸ்பால் ஆட்டத்துக்கு: 'இதில் நடுவருக்குக் கண் தெரியாது. அந்த அளவில் உண்மைக்கு நெருக்கமானது.'

ஒரு வீரசாகசத்துக்கு: 'ஊரைக் காக்க வந்த வீரன் முதலில் ஊரார் வீட்டுப் பானைகளை உடைக்கிறான். யாரும் ஏன் என்று கேட்பதில்லை. நல்ல ஊர்.'

இதெல்லாம் சாதாரணம். நரி அட்டைதான் உச்சம்.

'தபால்கார நரி. ஏழு மலை தாண்டி ஒரு கடிதத்தைக் கொண்டு சேர்க்க வேண்டும். நாலாவது மலையில் ஒரு பள்ளம் இருக்கிறது. அதைத் தாண்ட முடியாது. முந்நூற்றுப் பன்னிரண்டு முறை விழுந்த பிறகு சொல்கிறேன். கீழ்ப் பொத்தானை அழுத்தினால் நரி குனிந்து கும்பிடுகிறது. எதற்கு என்று செய்தவனுக்கே தெரியாது. முந்நூறு யென். இலவசமாகக் கொடுத்தாலும் யோசித்து வாங்கவும். உசாமி.'

மூன்று வாரத்துக்கு முன்னால் யாரோ இதைப் போட்டோ எடுத்து இணையத்தில் போட்டுவிட்டார்கள். நாற்பதாயிரம் பேர் பார்த்துச் சிரித்தார்கள். உசாமிக்கும் பெருமையாகத்தான் இருந்தது, அட்டையைச் சுரண்டத் தொடங்கிய அன்று காலை எட்டு மணி வரைக்கும்.

எட்டு மணிக்கு அவன் காதலி ஃபுமி போன் செய்தாள். ஒரு பல் மருத்துவமனையில் வேலை செய்பவள். ஞாயிற்றுக்கிழமை மதியம் உசாமி கென்சாகு அவள் வீட்டுக்கு முதன்முதலாகப் போய், அவள் அப்பாவின் முன்னால் முறைப்படி அமர்ந்து, பெண்ணைக் கேட்க வேண்டும். அன்று வியாழன்.

"ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். அப்பாவும் ஒரு காலத்துல உன் லைன்தான். கேம் கம்பெனியில இருந்தாரு."

கென்சாகு வாயில் பல் துலக்கும் பிரஷ்ஷோடு கேட்டான். "எந்தக் கம்பெனி?"

"தொம்போன்னு ஒண்ணு. எப்பவோ மூடிட்டாங்க."

பிரஷ் நின்றது. தொம்போ தன் வாழ்நாளில் நாலே நாலு விளையாட்டுதான் வெளியிட்டது. மூன்று, மாஜோங் என்னும் காய் ஆட்டம். நான்காவது தபால்கார நரி.

"அவரு எந்த கேம்ல வேலை பார்த்தாரு?"

"ஏதோ நரின்னு வரும். அந்தப் பேச்சை எடுத்தாலே அப்பாவுக்கு முகம் சிவந்துடும். அம்மா சிரிச்சுக்கிட்டே எழுந்து சமையல்கட்டுக்குப் போயிடுவாங்க. அவருக்கு அது உயிர் போல. நீ அதைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை சொன்னீன்னா, அங்கேயே தலையாட்டிடுவாரு. ஹலோ? இருக்கியா?"

"இருக்கேன்," என்று கென்சாகு போனைப் பார்த்துக் குனிந்து கும்பிட்டான்.

"போனுக்குக் கும்பிடாத. உன் முதுகு மடங்குற சத்தம் இங்க கேக்குது."

அந்தக் காலத்தில் விளையாட்டு செய்தவர்களின் சொந்தப் பெயரைக் கம்பெனிக்காரர்கள் வெளியே விடமாட்டார்கள். எதிர்க் கம்பெனிக்காரன் கொத்திக்கொண்டு போய்விடுவான் என்று பயம். ஆகவே எல்லாருக்கும் புனைபெயர்தான். தபால்கார நரியின் விளக்கப் புத்தகத்தில், கடைசிப் பக்கத்தின் மூலையில், 'ஆக்கம்: சிக்குவா' என்று இருக்கும். சிக்குவா என்பது அரைத்த மீனைக் குழல் போலச் சுட்டெடுத்தது. நடுவில் ஓட்டை இருக்கும்.

"ஃபுமி, உங்கப்பாவுக்கு சிக்குவா பிடிக்குமா?"

"என்ன கேள்வி இது? எங்க வீட்டு ஓதென் குழம்புச் சட்டியில முதல்ல காலியாகிறதே சிக்குவாதான்."

கென்சாகு பற்பசையை விழுங்கினான்.

இதையெல்லாம் கேட்டு முடித்த கமேதா, நாக்கில் இருந்த மிட்டாயை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். அவர் யோசிக்கும்போது அப்படித்தான் செய்வார்.

"மாமனாரைப் பார்த்து மூளை இல்லாதவன்னு எழுதி, கையெழுத்தும் போட்டிருக்க."

"மூளை இல்லைன்னு எழுதல, முதலாளி."

"எழுதாம விட்டதுதான் நாற்பதாயிரம் பேருக்குப் புரிஞ்சிருக்கே." அவர் பெருமூச்சு விட்டார். "சரி. பழசை எடுக்க வேணாம், எடுத்தா அலமாரியே கையோட வந்துடும். புதுசா ஒண்ணு எழுதி அது மேலேயே ஒட்டு. புகழ்ந்து எழுது. உனக்கு வருமா?"

"முயற்சி பண்றேன்."

கென்சாகுவுக்குப் புகழ்ந்து பழக்கமில்லை. ஏழு அட்டைகளைக் கிழித்து எட்டாவதை ஒட்டினான்.

'தபால்கார நரி. வாழ்நாளில் ஒருமுறையாவது ஆட வேண்டிய விளையாட்டு. நாலாவது மலையின் பள்ளம் பொறுமையைக் கற்றுக்கொடுக்கும். கீழ்ப் பொத்தானை அழுத்தினால் நரி கும்பிடும், என்ன பண்பாடு! செய்தவர் மேதை. உசாமி.'

பத்தரைக்கு இரண்டு கல்லூரி மாணவர்கள் வந்தார்கள். ஒருவன் படித்தான். படித்துவிட்டு அலமாரியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான்.

"டேய், என்னைப் பிடி. 'என்ன பண்பாடு'ன்னு போட்டிருக்கான்டா!"

"'மேதை'யைப் பாரு, 'மேதை'யை! திட்டினதைவிட இது மோசம்டா. செஞ்சவன் இதைப் பார்த்தா தூக்கமே வராது."

"நான் நிஜமாத்தான் எழுதியிருக்கேன்," என்றான் கென்சாகு கல்லாவிலிருந்து.

அவ்வளவுதான். இருவரும் கண்ணீர் வரச் சிரித்தார்கள். ஒருவன் அவனோடு கைகுலுக்கினான். "முகத்தை எப்படி அண்ணே இப்படி வச்சுக்கிறீங்க?"

மதியத்துக்குள் இணையத்தில் பார்த்துச் சிரித்தவர்கள் எழுபதாயிரம் ஆகிவிட்டார்கள்.

அட்டையை வைத்துச் சமாளிக்க முடியாது என்று கென்சாகு முடிவு செய்தான். கேசட்டே இல்லாவிட்டால் அட்டைக்கு வேலை இல்லை. கேசட் விற்றுப்போனால் அட்டையை எடுக்கவோ மறைக்கவோ வேண்டும் என்பது கமேதாவே போட்ட சட்டம். கடையில் இருந்த மூன்று நரிகளையும் அவனே வாங்கினான். பிறகு ஒரு யோசனை வந்தது. மாமனார் இந்தத் தெருவுக்கு வந்து, பக்கத்துக் கடையில் நரியைப் பார்த்து, 'உசாமி இதைப் பத்தி என்ன சொல்றான்?' என்று கேட்டுவிட்டால்? வெள்ளிக்கிழமை மதியம் சாப்பாட்டு நேரத்தில் தெருவின் இரண்டு பக்கமும் நடந்து, இன்னும் எட்டு வாங்கினான்.

இரண்டாவது கடையில் முந்நூறு யென். நான்காவது கடையில் தொள்ளாயிரம். ஏழாவது கடையில் மூவாயிரம்.

"நேத்து இது முந்நூறு," என்றான் கென்சாகு.

"நேத்து உசாமி இதை வாங்கல," என்றான் கடைக்காரன். "அதுல என்னய்யா இருக்கு? என்கிட்ட மட்டும் சொல்லு. ரகசிய மலையா?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா பதினோரு கேசட்? சரி, சொல்லாத. நானும் ரெண்டை உள்ள எடுத்து வைக்கிறேன்."

மாலை நாலு மணிக்குத் தெரு முழுவதும் ஒரே பேச்சு. தபால்கார நரியில் ஏதோ புதையல் இருக்கிறது. உசாமி வேண்டுமென்றே திட்டி எழுதி, விலையை இறக்கி, மொத்தமாக வாங்கிவிட்டான். ஐந்து மணிக்கு வட்டார வார இதழிலிருந்து ஒரு பெண் கேமராவோடு வந்தாள். கென்சாகு அப்போதுதான் பதினோரு கேசட்டுகளையும் மார்போடு அணைத்துக் கடை மாடிக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தான். கை இரண்டும் நிறைந்திருந்தது. முகத்தை மறைக்க முடியவில்லை.

"ஒரே ஒரு கேள்வி. இது நல்ல கேமா, கெட்ட கேமா?"

கென்சாகு குனிந்து கும்பிட்டான். மேலே இருந்த கேசட் சரிந்தது. அதை எடுக்கக் குனிந்தான், இன்னொன்று விழுந்தது. அவள் எடுத்துக் கொடுத்தாள். நன்றிக்கு ஒரு கும்பிடு. இன்னும் இரண்டு விழுந்தன. மொத்தம் ஒன்பது கும்பிடு போட்டும் அவன் பதில் சொல்லவில்லை. அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது.

சனிக்கிழமைக் காலையில் இதழ் வந்தது. 'பதினோரு நரிகளைப் பதுக்கிய விமர்சகர்' என்று தலைப்பு. படத்தில் கென்சாகு திருட்டுப் பூனை போல் விழித்தான். பக்கத்திலேயே கட்டம் கட்டி, பழைய அட்டையையும் புதிய அட்டையையும் முழுதாகப் போட்டிருந்தார்கள். வாசகர்கள் ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக.

"ஃபுமி," என்று போனில் கேட்டான். "உங்க வீட்டுக்கு இந்த வார இதழ் வருமா?"

"வரும். அப்பா ஒரு எழுத்து விடாம படிப்பாரு. ஏன்?"

"சும்மா."

கமேதா அவனுக்கு ஒரு நாள் விடுப்புக் கொடுத்தார். "வீட்டுக்குப் போ. அந்த நரியை ஆடு. ஏதாவது ஒண்ணு நிஜமாவே பிடிச்சிருந்தா அதைச் சொல்லு. பொய் சொன்னா உன் காது சிவக்கும், தெரியும்ல?"

நல்ல யோசனைதான். கென்சாகு அறையில் உட்கார்ந்து கேசட்டின் வாயில் தூசி போக ஊதினான். ஊதினால் எந்தப் பயனும் இல்லை என்று அவனே நாலு அட்டைகளில் எழுதியிருக்கிறான். இருந்தாலும் ஊதாமல் போட மனம் வராது.

நீலத் தொப்பி போட்ட நரி ஓடியது. முதல் மலையில் கரடி. இரண்டாவதில் மழை. மூன்றாவதில், ஏன் என்று தெரியாமல், ஒரு பறக்கும் குடை. நாலாவது மலையில் பள்ளம்.

பள்ளத்தின் இந்தக் கரையில், கழுத்தில் சிவப்புத் துணி கட்டிய ஒரு சின்னக் கல்சாமி நின்றது. வழியோரம் எங்கும் இருப்பது போல. அலங்காரத்துக்கு வைத்திருப்பார்கள். நரி அதைக் கடந்து ஓடியது, குதித்தது, விழுந்தது. ஓரத்திலிருந்து குதித்தது, விழுந்தது. பின்னால் போய் வேகமெடுத்து வந்தது. விழுந்தது. ஒவ்வொரு முறையும் கடிதம் மட்டும் காற்றில் ஆடி ஆடிக் கடைசியாக இறங்கியது. அது கொஞ்சம் அழகாக இருந்ததை இத்தனை வருடத்தில் அவன் முதல்முறையாகக் கவனித்தான்.

நூற்று எண்பத்தாறு முறை விழுந்த பிறகு நிறுத்தினான். கட்டைவிரல் வீங்கியிருந்தது. நரியின் மேல் அன்பு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோட்டு போட்டுக்கொண்டான். ஒரு கையில் இனிப்புப் பெட்டி. மறு கையில், கமேதாவின் ஆலோசனைப்படி, பட்டுத்துணியில் சுற்றிய ஒரு நரி கேசட்டும் ஒரு பேனாவும். "கையெழுத்து கேளு. செஞ்சவன்கிட்ட கையெழுத்து கேட்டா எந்த மனுஷனும் உருகிடுவான்," என்று சொல்லியனுப்பியிருந்தார்.

ஃபுமி வீட்டுத் தெருமுனையில் ஒரு கல்சாமி இருந்தது. கென்சாகு நின்று, இனிப்புப் பெட்டியைக் கீழே வைத்து, அதற்கு ஆழமாக ஒரு கும்பிடு போட்டான்.

ஃபுமியின் அப்பா ஹிஷிதா ஒல்லியாக, இஸ்திரி போட்டவர் போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நடுவில் தாழ்ந்த மேசை. அதன் மேல் அந்த வார இதழ் மடித்து வைக்கப்பட்டிருந்தது. அதில் அச்சாகியிருந்த கென்சாகுவின் முகத்தின் மேல் தேநீர்க் கோப்பை இருந்தது. ஃபுமியின் அம்மா யசுயோ ஓதென் சட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். முள்ளங்கியும் முட்டையும் கொதித்துக்கொண்டிருந்தன. யாரும் கேட்காமலேயே நாலு சிக்குவாவை எடுத்துச் சின்னத் தட்டில் போட்டுக்கொண்டு, புன்னகையோடு சமையல்கட்டுக்குத் திரும்பிப் போனாள்.

கென்சாகு நெற்றி பாயில் படக் குனிந்தான்.

"எழுந்திருங்க," என்றார் ஹிஷிதா. குரலில் கோபம் இல்லை. உண்மையில் அவர் உதடு துடித்துக்கொண்டிருந்தது, சிரிப்பை அடக்குவது போல. அதைக் கென்சாகு கவனித்திருக்கலாம். அவன் மனதில் ஃபுமி சொல்லச் சொன்ன நல்ல நாலு வார்த்தைதான் ஓடிக்கொண்டிருந்தது.

"நரியைப் பத்தி எழுதியிருக்கீங்க போல."

"ஐயா, அது... அந்த அட்டையை மறந்துடுங்க. தபால்கார நரி எனக்கு ரொம்பப் பிடிச்ச கேம்."

உதடு துடிப்பது நின்றது. "பிடிச்ச கேமா?"

"உயிர், ஐயா."

"நாலாவது மலை?"

"அதுதான் சிறப்பே."

"அந்தப் பள்ளம்?"

"கவிதைங்க." காது சிவப்பது அவனுக்கே தெரிந்தது. நிறுத்த முடியவில்லை. பட்டுத்துணியைப் பிரித்துக் கேசட்டையும் பேனாவையும் இரண்டு கையாலும் நீட்டினான். "தயவு செஞ்சு இதுல ஒரு கையெழுத்து. சிக்குவான்னு போட்டாலே போதும்."

ஹிஷிதாவின் முகம் சிவந்தது. பிறகு கறுத்தது.

"ஃபுமி," என்றார். "இவரோட செருப்பை எடுத்து வை. கிளம்புறாரு."

"அப்பா!"

"இந்தப் பச்சோந்திக்குப் பொண்ணு கிடையாது!"

"ஐயா, உங்க படைப்பைப் பத்தி நான்..."

"என் படைப்பா?" ஹிஷிதா எழுந்து நின்றுவிட்டார். "நான் செஞ்சவன் இல்லய்யா! சோதிச்சவன்! கீழ்மாடியில, சன்னல் இல்லாத ரூம்ல, காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் அந்த நரியோட விழுந்து விழுந்து எழுந்தவன்!"

அலமாரியைத் திறந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்தார். அதிலிருந்து மஞ்சளாகிப்போன தாள்களை மேசையில் பரப்பினார். பன்னிரண்டு தாள். எல்லாவற்றிலும் ஒரே வாசகம்: 'நாலாவது மலைப் பள்ளம். தாண்ட முடியவில்லை. சரி செய்யவும். ஹிஷிதா.' ஒவ்வொன்றின் கீழும் சிவப்பு மையில், குண்டு குண்டான எழுத்தில் பதில்: 'இது திட்டப்படிதான். சிக்குவா.'

"பன்னெண்டு தடவை எழுதி மேல அனுப்பினேன். பன்னெண்டு தடவையும் இதே பதில். திட்டப்படிதானாம்! எந்தத் திட்டம்? மனுஷனைக் கொல்ற திட்டமா? அப்படியே கடைக்கு அனுப்பினாங்க. கம்பெனி படுத்துச்சு. முப்பத்தாறு வருஷமாச்சு. இந்த வீட்டுல என் பேச்சை யாரும் முழுசாக் கேட்டதில்ல. வாயைத் திறந்தாலே இவ அம்மா சிரிச்சுக்கிட்டே எழுந்து போயிடுவா. மூணு வாரத்துக்கு முன்னாடி சும்மா உங்க தெருப்பக்கம் வந்தேன். அட்டையைப் பார்த்தேன். கடையிலேயே அழுதுட்டேன்யா. போட்டோ எடுத்துப் போட்டது நான்தான். உலகம் பார்க்கட்டும்னு. அந்த உசாமிதான் வரப்போற மாப்பிள்ளைன்னு இவ பேரைச் சொல்லித் தெரிஞ்ச அன்னிக்கு, நான் குளிக்கும்போது பாட்டு பாடினேன்."

"பாடினாரு," என்றாள் ஃபுமி. "பக்கத்து வீட்டுக்காரங்க வந்து கேட்டாங்க."

"இன்னிக்கு வந்து உக்காந்து, கவிதைங்கிறாரு!"

கென்சாகு கேசட்டைப் பார்த்தான். வீங்கிய கட்டைவிரலைப் பார்த்தான். ஃபுமியைப் பார்த்தான். இத்தனை நாளாக ஒவ்வொன்றையும் சரிசெய்யப் போய்த்தான் இவ்வளவும் ஆயிற்று. இனிக் கெடுவதற்கு ஒன்றும் பாக்கியில்லை.

"முந்நூத்திப் பன்னெண்டு," என்றான்.

"என்னது?"

"அட்டை எழுதறதுக்கு முன்னாடி முந்நூத்திப் பன்னெண்டு தடவை விழுந்தேன். உங்களுக்குப் பயந்து நேத்து நூத்தி எண்பத்தாறு. மொத்தம் நானூத்தித் தொண்ணூத்தெட்டு." அவன் குரல் உயர்ந்தது. "அது ஒரு கேமாங்க? மூணாவது மலையில குடை ஏன் பறக்குது? பாட்டு ஏன் எட்டு நொடியிலயே முதல்லேருந்து வருது? பால்காரன் மணி அடிக்கிற மாதிரி! ஒரு பள்ளத்தை வச்சா அந்தப் பக்கம் ஒரு கரை வேண்டாமா? நான் பார்த்ததுலேயே மோசமான கேம் அதுதான். மேதைன்னு எழுதறதுக்குள்ள ஏழு அட்டையைக் கிழிச்சேன்!"

ஹிஷிதா மெதுவாக உட்கார்ந்தார்.

"குடை," என்றார். "நீங்களும் குடையைக் கவனிச்சீங்களா?"

"எப்படிங்க கவனிக்காம இருக்க முடியும்?"

"அந்தக் கும்பிடு?"

"ஓடிக்கிட்டிருக்கிற நரி எதுக்குங்க கும்பிடணும்?"

"அதேதான்! நானும் அதையேதான் கேட்டேன்!" ஹிஷிதா மேசையைத் தாண்டிக் கையை நீட்டினார். "எனக்கு ரெண்டாயிரம், மாப்பிள்ளை. எண்ணுறதை அதோட விட்டுட்டேன்."

மாப்பிள்ளை என்ற சொல் வந்ததை முதலில் கவனித்தவள் ஃபுமிதான். கொண்டுவந்த செருப்பை மறுபடி வாசலில் வைத்துவிட்டு வந்தாள்.

அதன் பிறகு ஒரே கொண்டாட்டம். பீர் வந்தது. மாமனாரும் மாப்பிள்ளையும் நரியின் தொப்பியிலிருந்து வால் வரை திட்டினார்கள். கரடிக்கு ஏன் நாலு விரல் என்று திட்டினார்கள். சிக்குவாவின் ஜாதகத்தையே கணித்தார்கள்.

"திமிர் பிடிச்ச ஆளு," என்றார் ஹிஷிதா. "தாடி வச்சிருப்பான். கண்டிப்பா தாடி."

"நீங்க நேர்ல பார்த்ததில்லையா, மாமா?"

"பார்க்கத்தான் போனேன். பன்னெண்டாவது தாள் திரும்பி வந்த அன்னிக்கு, ரெண்டு சாத்து சாத்தணும்னு மாடிக்கு ஏறிப்போய்க் கதவை உதைச்சுத் திறந்தேன். உள்ளே இவ மட்டும்தான் இருந்தா." சமையல்கட்டுப் பக்கம் தலையை ஆட்டினார். "அங்க தேநீர் கொடுத்துக்கிட்டிருந்த பொண்ணு. 'சிக்குவா வெளியே போயிருக்காரு, உக்காருங்க'ன்னு ஒரு கோப்பை கொடுத்தா. கோபம் பாதி போச்சு. மறுநாளும் போனேன். அன்னிக்கும் அவன் இல்ல. ஒரு மாசம் தினமும் போனேன். அந்தப் பய ஒரு நாள்கூட அவன் இடத்துல இல்ல! இப்படி வேலை பார்த்தா கம்பெனி எப்படி உருப்படும்?"

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, கல்யாணம் பண்ணிக்கிட்டோம்."

கென்சாகு சிரித்தான். ஃபுமி சிரித்தாள். ஹிஷிதா பீரை உயர்த்தி, "சிக்குவா எங்கே இருந்தாலும் நாசமாப் போக!" என்றார்.

யசுயோ உள்ளிருந்து வந்தாள். காலியான சின்னத் தட்டை மேசையில் வைத்தாள். சட்டிக்குள் துழாவி, அடியில் கிடந்த கடைசிச் சிக்குவாவை எடுத்து ஒரு கடி கடித்துக்கொண்டே, பரப்பிக் கிடந்த பன்னிரண்டு தாள்களையும் விரலால் தட்டி அடுக்கினாள்.

"பன்னெண்டு தடவையும் திட்டப்படிதான்னு எவ்வளவு பொறுமையா எழுதி அனுப்பினேன்," என்றாள். "பள்ளத்துக்கு முன்னாடி நிக்குதே ஒரு கல்சாமி, ரெண்டு பேர்ல ஒருத்தராவது அதுக்கு ஒரு கும்பிடு போட்டுப் பார்த்தீங்களா?"